ரெண்டு ஏக்கர் இருக்கட்டும்

பாலக்கோடு பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. அப்பா தக்காளி விவசாயி. பேசியதெல்லாம் பெரியப்பாதான். "நீட்டுல பாஸ் பண்ணிட்டா சார், இங்கதான் டாக்டர் சீட் கிடைக்கல. ஜார்ஜியாவுல எடுத்துத் தர்றேன்னு ஏஜென்ட் சொல்றாரு. ரெண்டு ஏக்கரைக் குடுத்தா முடிஞ்சிரும்." பொண்ணு நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பயப்படாதீங்க, வழி இருக்கு' என்று அன்றைக்கு அனுப்பிவிட்டேன். அது போதாது. இது அவளுடைய அப்பாவுக்கு.

அண்ணா, நிலத்தை விற்காதீர்கள். அங்கே ஆறு வருஷம் படித்துவிட்டு வந்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்கிற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தேர்வில் தேறினால்தான் ஊசியைத் தொட முடியும். அதைத் திரும்பத் திரும்ப எழுதுகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு ஏக்கர் பணம் பாதி வழியில் தீர்ந்துவிடும், மீதிக்குக் கடன்தான். தக்காளியை ரோட்டில் கொட்டுகிற மாதம் வந்தால் வட்டியைப் பெரியப்பாவா கட்டுவார்?

இன்னொன்று, உங்கள் மகளுக்கு டாக்டர் ஆசை இல்லை. நீங்கள் டீ குடிக்கப் போனபோது பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நோட்டை எடுத்துக் காட்டினாள். 'ஒரு ஜீன் - ஒரு நொதி', அதாவது ஒரு ஜீன் ஒரே ஒரு வகைப் புரதத்தைத்தான் செய்யும் என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி. "மனுஷனுக்குச் சுமார் 20,000 ஜீன்தானாம் சார். அதை வெச்சு இத்தனை புரதம் எப்படி வரும்?"

சரியான கேள்வி. 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் ஜீன் துண்டு துண்டாக இருப்பதைத் தனித்தனியாகக் கண்டார்கள். 1993இல் நோபல் கிடைத்தது. ஜீனிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலில் செல் வேண்டாத துண்டை வெட்டி, வேண்டியதை ஒட்டுகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதனால்தான் ஒரே ஜீனிலிருந்து பல புரதம் வருகிறது. நம்ம பக்கத்துப் பாரதக் கூத்து மாதிரிதான்: கதை ஒன்று, ஆனால் ஒரே ராத்திரிக்குள் முடிக்கச் சொன்னால் வாத்தியார் வேறு காட்சிகளைக் கோத்து ஆட்டத்தை மாற்றிவிடுவார்.

நோய் எதிர்ப்பில் இது உயிர்ப் பிரச்சினை. பி செல், டி செல் இரண்டும் ரத்த வெள்ளையணு வகைகள். பி செல் முதலில் ஆன்டிபாடியை, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதத்தை, தன் மேற்பரப்பில் ஆணியடித்த மாதிரி வைத்திருக்கும். கிருமி வந்ததும் அதே ஜீனின் நகலில் வால் துண்டை மாற்றி, ஆன்டிபாடியை ரத்தத்தில் கொட்டும். டி செல்லில் சிடி45 என்று ஒரு புரதம். கிருமியைப் பார்க்காத செல்லில் அது நீளம். ஒருமுறை பார்த்து நினைவு வைத்துக்கொண்ட செல்லில் மூன்று துண்டுகள் போய்க் குட்டை. ஆய்வகத்தில் எது பழகிய செல், எது புதுசு என்று பிரிக்க இதுவும் ஒரு அடையாளம். இதைச் சொன்னபோதுதான் பொண்ணு முதல்முறை நிமிர்ந்தாள்.

வழி இதுதான். அரசுக் கல்லூரியில் விலங்கியலோ நுண்ணுயிரியலோ பி.எஸ்சி. இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கடைசி வருஷத்தில் கேட்-பி (GAT-B), அதாவது உயிரித் தொழில்நுட்ப மேற்படிப்பில் சேர்வதற்கான தேசிய நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், 240 மதிப்பெண். முதல் பகுதியில் 60 கேள்வி, எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், கணிதமும் உண்டு. இரண்டாம் பகுதியில் 100 கேள்வியில் 60 எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். அதனால் பிளஸ் டூ புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவள் இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலப் பாடநூல் படிக்கட்டும்.

தேறினால் மதுரை காமராசர் பல்கலை போன்ற இடங்களில் உயிரித் தொழில்நுட்ப எம்.எஸ்சி., மாதம் 5,000 உதவித்தொகையோடு. பிறகு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். பி.எச்டி. படிக்கப் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. என்கிற இந்திய அறிவியல் கழகம் ஒசூரைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் மறைக்க மாட்டேன்: வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம். பி.எச்டி. வரை பத்து வருஷப் பொறுமை வேண்டும். கல்யாணப் பேச்சை அதற்குள் எடுக்கக் கூடாது என்பதை நிபந்தனையாகவே சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நீங்களும் அவளும் மட்டும் வாருங்கள். நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு வணக்கம் மட்டும் போதும்.