கேள்வி – பதில்: ரைஃபிளின் கனத்தை எங்கிருந்து குறைப்பது?

கேள்வி (தாம்பரம் வாசகர்): என் மகன் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கிறான். லைசென்ஸோடு மலையில் தார் என்ற காட்டாட்டு வேட்டைக்குப் போவான். அவனுடைய .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் எல்லாம் சேர்த்து 4.9 கிலோ. பாரலை வெட்டிக் குறைக்கலாமா என்று யோசிக்கிறான். சரியா?

பதில்: பாரல் கடைசி. முதலில் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதச் சொல்லுங்கள். 4.9 கிலோ என்றால் பெரும்பாலும் கணக்கு இப்படி இருக்கும்: வெறும் ரைஃபிள் 3,400 கிராம், 4-16x50 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 650, அதைப் பொருத்தும் ஸ்டீல் பேஸும் ரிங்கும் 220, தோல் வார் 160, பைபாட் (இருகால் தாங்கி) 370, நான்கு தோட்டா 100.

இதில் ரைஃபிளைத் தொடாமலே 900 கிராம் இறங்கும். பைபாட் வீட்டில் இருக்கட்டும். மலையில் முதுகுப்பையைச் சாய்த்து வைத்தாலே போதும். 3-9x40 ஸ்கோப் 350 கிராம்தான். 300 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு 16 மடங்கு தேவையில்லை. பேஸும் ரிங்கும் ஒரே துண்டாக வரும் அலுமினிய வகை 80 கிராமுக்குள் முடியும். மெல்லிய நைலான் வார் 70. ஆக 4 கிலோ.

ஸ்கோப்பை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். அலுமினிய ரிங்கின் திருகை ஸ்டீல் ரிங் மாதிரி இறுக்கினால் மரை கழன்றுவிடும், அல்லது ஸ்கோப் குழாய் நசுங்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் வைத்து, ரிங் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குவது நல்லது.

அடுத்து ஸ்டாக், அதாவது துப்பாக்கிக் கட்டை. வால்நட் கட்டை ஒரு கிலோவைத் தொடும். கார்பன் ஃபைபர் ஸ்டாக் 600, 650 கிராம். கடையில் கிடைக்கும் மலிவு பிளாஸ்டிக் ஸ்டாக் மரத்தைவிடப் பெரிதாக இலேசாக இருக்காது. முன்பகுதி வளைந்து பாரலில் உரசவும் செய்யும். புது ஸ்டாக்கில் ரீகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்தும் புடைப்பு) உட்காரும் இடத்துக்கு எபாக்ஸி பெட்டிங் (இடைவெளியை நிரப்பும் பசைப் படுகை) போட்டே தீரவேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியின் இயங்கு பகுதியான ஆக்‌ஷன் மயிரிழை நகர்ந்து, குண்டுகள் சிதறும். ஆளோ ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பாரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பாரலுக்கு வருவோம். வேட்டை ரைஃபிளின் மெல்லிய பாரலில் நுனிப்பக்கம் ஓர் அங்குலம் ஏறக்குறைய 27 கிராம். 24 அங்குலத்தை 20 ஆக்கினால் மிச்சம் 110 கிராம்தான். பதிலுக்கு .308-ல் குண்டின் வேகம் அங்குலத்துக்கு நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை குறையும்; சத்தமும் நெருப்பும் முகத்துக்கு அருகில் வரும். வெட்டிய நுனியை லேத்தில் சரிமட்டமாகக் கடைந்து கிரௌன் (நுனியின் வாய் விளிம்பு) போடவேண்டும். அதில் மயிரிழை கோணல் இருந்தாலும், குண்டு வெளியேறும் நொடியில் வாயு ஒருபக்கமாகத் தள்ளி குறி கெடும். நியூசிலாந்தில் சைலன்ஸர் மாட்டுவது சாதாரணம். அப்படி மாட்டுகிறவர் தூக்கிச் செல்ல வசதியாக இருக்கும் என்று நீளத்துக்காகப் பாரலைக் குறைக்கலாம். கனத்துக்காக மட்டும் வெட்டுவது வீண்செலவு.

உதையையும் யோசிக்கவேண்டும். அதே தோட்டா, அதே உந்தம்; ரைஃபிள் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டுக்கு 3.5 கிலோவில் சுமார் 20 ஜூல், 2.8 கிலோவில் 25. கால்பங்கு கூடுதல். உதைக்குப் பயந்து டிரிகரை வெடுக்கென்று இழுக்கிற பழக்கம் வந்துவிட்டால், இறக்கிய கிராம் எல்லாம் வியர்த்தம். நல்ல ரப்பர் ரீகாயில் பேடுக்குக் கொஞ்சம் கிராமைத் திருப்பிக் கொடுத்தாலும் தவறில்லை. ஸ்கோப்போடு 3.5 கிலோவுக்குக் கீழே போகவேண்டாம் என்பது நம் கருத்து.

(அவர்கள் சுடும் ஹிமாலயத் தார் 1904-ல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டது, அங்கே அது செடிகொடியை அழிக்கும் வந்தேறி. நம் வரையாட்டோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, முழுப் பாதுகாப்பு பெற்றது.)

கேள்வி (மயிலாப்பூர் வாசகர்): வீடியோக்களில் பாரலில் வரிவரியாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டையும் குடைகிறார்கள். பயன் உண்டா?

பதில்: தடித்த பாரலுக்கு உண்டு. மெல்லிய பாரலுக்கு இல்லை. சுவர் இன்னும் மெலிந்து, வெட்டிய சூட்டில் உள் இறுக்கம் மாறி, மூன்றாவது வெடியிலேயே குறி நகரத் தொடங்கும். போல்ட்டின் உடலில் வரி வெட்டினால் மிச்சமாவது சில பத்து கிராம், அதிலும் தூசி சேரும். போல்ட்டைப் பூட்டிப்பிடிக்கும் லாக்கிங் லக் பக்கம் அரம்கூடப் படக்கூடாது. வெடியின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): தாத்தா காலத்து .315 ரைஃபிள் முறையாக என் லைசென்ஸில் இருக்கிறது. தூக்கச் சிரமமாக இருக்கிறது. பாரலைக் குறைத்து, பின்கட்டையையும் குடைந்துவிடலாமா?

பதில்: பாரலைத் தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அதற்கென்று லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியின் பாரலைக் குறைப்பதைத் தடுக்கிறது. உங்களிடம் இருக்கும் லைசென்ஸ் வைத்திருப்பதற்கு மட்டுமே. பழுதுபார்ப்புக்குக்கூட அதற்கான லைசென்ஸ் பெற்றவரிடம் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னை போலீஸ் கமிஷனர் அலுவலகத்தின் லைசென்ஸ் பிரிவில் முதலில் கேளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அதைச் சுமந்து வேட்டைக்குப் போகவும் வழியில்லை. பிறகு எதற்கு அவசரம்?

கட்டை விஷயம் வேறு. .315 லீ-என்ஃபீல்ட் அமைப்பு. பின்கட்டையின் நடுவே ஒரு நீளத் திருகு போல்ட் ஓடித்தான் அதை ஆக்‌ஷனோடு பிடித்திருக்கிறது. குடைவதானால் அந்தத் துளைக்குக் கீழேதான் இடம். 20 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் ஆழத்தில் இரண்டு துளை போட்டால் போவது 50 கிராம். துளை கைப்பிடிப் பக்கம் நெருங்கினால் கட்டை அங்கேதான் உடையும். உட்புறம் வார்னிஷ் பூசாமல் விட்டால் சென்னைக் காற்றின் ஈரத்தில் மரம் உப்பும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த நீள போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளக்கவும் கூடும். 50 கிராமுக்கு இவ்வளவு வம்பு எதற்கு? தோல் வாருக்குப் பதில் நைலான் வார் போடுங்கள், அதைவிட அதிகம் குறையும்.

கேள்வி (அண்ணா நகர் வாசகி): 13 வயது மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். துப்பாக்கி கனம் என்கிறாள்.

பதில்: போட்டி விதி மேல்வரம்பைத்தான் சொல்கிறது, 5.5 கிலோ. எவ்வளவு குறைவாக இருந்தாலும் தடையில்லை. ஆனால் கனம் என்று பிள்ளைகள் சொல்வது பல சமயம் பட் பிளேட் (தோளில் பதியும் தகடு) வரையுள்ள நீளம். நீளம் அதிகமானால் துப்பாக்கி உடம்பைவிட்டு முன்னே தள்ளி நிற்கும், இடுப்பில் ஊன்றவேண்டிய இடது முழங்கை அந்தரத்தில் தொங்கும், எலும்பு தாங்கவேண்டியதைத் தசை தாங்கும். முதலில் பட் பிளேட்டை ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

பிறகும் சிரமம் என்றால் பாரலில் மாட்டியிருக்கும் எடைத்துண்டுகளை 50 கிராம் வீதம் கழற்றலாம். காற்று அடைக்கும் சிலிண்டர் ஸ்டீல் என்றால் அதே துப்பாக்கிக்கான அலுமினிய சிலிண்டருக்கு மாறலாம்; சிலிண்டரின் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முன்பக்கம் ரொம்ப இலேசானால் டிரிகர் விடும் நேரத்தில் நுனி துள்ளும், குண்டுகள் மேலும் கீழுமாக விழும். அப்படித் தெரிந்தால் கடைசியாகக் கழற்றிய துண்டை மறுபடி மாட்டிவிடுங்கள்.