மார்க்கம் நகரத்திலேயே இருப்பதா, வெளிக்கிடுவதா? இளம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

பதினேழு வருடமாக, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற மார்க்கம் நகரத்தில் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) ஏஜென்டாக இருக்கிறேன். முன்பு என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தவர்கள் ஊரில் இருந்து வந்து, இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்கள். இப்போது வருவது அவர்களுடைய பிள்ளைகள். வன்னி என்று பெயர் வைத்த வீதியே இருக்கிற இந்த நகரத்தில் வளர்ந்து, படித்து, நல்ல வேலையும் எடுத்து, கடைசியில் தாங்கள் சைக்கிள் ஓடிய தெருவில் ஒரு டவுன்ஹவுஸுக்கும் வழியில்லாமல் நிற்கிறார்கள். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். பெயர்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 27, அவருக்கு 29. இருவரின் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 170,000. 11 இலட்சம் டொலருக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது. குறைந்த டவுன் பேமன்ட் (முற்பணம்) 85,000 என்றார்கள், அது கையில் இருக்கிறது. வாங்கலாமா?

85,000 சரிதான். முதல் ஐந்து இலட்சத்துக்கு 5 வீதம், மிச்சத்துக்கு 10 வீதம். ஆனால் அது கதவைத் திறக்கிற காசு மட்டும்தான். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் காணி மாற்று வரி 18,475. முதல் வீடு என்பதால் 4,000 கழிப்பார்கள், மிச்சம் 14,475. இருபது வீதத்துக்குக் குறைவாகப் போடுவதால் மோட்கேஜ் காப்புறுதி வரும். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம், ஆனால் அதன் மேல் வரும் 8 வீத மாகாண வரியைக் கையால் கட்டவேண்டும். 25 வருடக் கடன் என்றால் அது 3,248. லோயர் காசு வேறு. இதெல்லாம் குளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறுகிற நாளில், ரொக்கமாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை ஸ்ட்ரெஸ் டெஸ்ட். வங்கி தருகிற வட்டியோடு 2 வீதம் கூட்டி (அது 5.25க்குக் குறைந்தால் 5.25 வைத்து) உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். 170,000 சம்பளத்துக்கு இந்தக் கடன் அதில் நிற்காது. யாராவது "நான் செய்து தருகிறேன்" என்று சொன்னால், உங்கள் சம்பளப் பத்திரத்தில் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஸ்டீல்ஸ் தெருவின் வடக்குப் பக்கம் மார்க்கம், தெற்குப் பக்கம் ரொறன்ரோ. அதே விலை வீட்டைத் தெற்குப் பக்கம் வாங்கினால் நகரத்துக்கும் தனியாக ஒரு காணி மாற்று வரி. கழிவு போக இன்னும் 14,000. ரோட்டைக் கடக்கிற காசு அது. விலையில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கலியாணத்துக்கு அம்மாவின் யாழ்ப்பாணத்து வீட்டை என் பெயருக்கு எழுதினார்கள். நான் அங்கே ஒரு நாளும் இருந்ததில்லை. நான் முதல் வீடு வாங்குபவளா?

பலர் விழுகிற குழி இது தங்கச்சி. காணி மாற்று வரியில் அந்த 4,000 கழிவுக்கு உலகத்தில் எங்குமே வீடு உங்கள் பெயரில் இருந்திருக்கக் கூடாது. சீதன வீடும் வீடுதான். கணவரின் பெயரில் கலியாணத்துக்குப் பிறகு ஒன்று இருந்திருந்தாலும் சிக்கல். ஆனால் முதல் வீட்டுக்குக் காசு சேர்க்கிற எஃப்.எச்.எஸ்.ஏ கணக்குக்கு விதி வேறு. இந்த வருடமும் அதற்கு முந்திய நான்கு வருடமும் உங்களுக்கோ கணவருக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. எழுதி வாங்குமுன் கேட்டிருந்தால் நல்லது. இப்போது லோயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: 24 வயது, அப்பா அம்மாவோடு இருக்கிறேன். வாடகை இல்லை. சிநேகிதர்கள் பகிடி பண்ணுகிறார்கள். தனியே போகவேண்டுமா?

பகிடி பண்ணுகிறவர் உங்கள் டவுன் பேமன்ட்டைக் கட்டுகிறாரா? இருங்கள். ஆனால் சும்மா இருக்காதீர்கள். 2023 ஏப்ரலில் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ கணக்கில் வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம். போடும்போது வரி குறையும், தகுதியான வீடு வாங்க எடுக்கும்போதும் வரி இல்லை. கணக்கைத் திறந்தால்தான் அந்த 8,000 இடம் எண்ணத் தொடங்கும். நூறு டொலர்தான் இருக்கிறது என்றாலும் இன்றைக்கே திறவுங்கள். மாதம் 666 போட்டால் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய நிறைந்துவிடும். அத்தோடு ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பியில் இருந்து வீட்டுக்காக 60,000 வரை எடுக்கலாம், பிறகு திருப்பிப் போடவேண்டும்.

மூன்று வருடம் அம்மாவின் புட்டும் சொதியும் சாப்பிட்டு, கடைசியில் ஒரு டெஸ்லாவோடு வந்து நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கேள்வி: அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரிக்குப் போகிற அலை ஓய்ந்துவிட்டதா? எங்கள் செட்டில் நாலு பேர் போய்விட்டார்கள்.

வீட்டு விலை இங்கேயிருப்பதை விடக் குறைவு, அது உண்மை. காணி மாற்று வரி இல்லை. கடையில் விற்பனை வரி இங்கே 13 வீதம், அங்கே 5. ஆனால் போனவர்கள் வாட்சப்பில் அனுப்புகிற வீட்டுப் படத்தில் இல்லாதவை சில இருக்கின்றன. கார் காப்புறுதி மலிவில்லை, கார் இல்லாமல் வாழவும் கஷ்டம். வாடகைக்கு அங்கே உச்சவரம்பு கிடையாது, வருடத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம் என்பது மட்டும்தான் காவல். நர்ஸ், ஆசிரியர் என்றால் அந்த மாகாணத்தில் திரும்பப் பதிய வேண்டும். தொலைவில் இருந்தே வேலை செய்கிறவர் என்றால், கம்பனி நாளைக்கே "அலுவலகத்துக்கு வா" என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? என்னிடம் திரும்பி வந்த மூன்று பேரில் இரண்டு பேரின் கதை அதுதான்.

முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு ஜனவரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜெக்ஸ், ஒஷாவா? அங்கேயும் வீடு கொஞ்சம் மலிவு. வேலை டவுன்டவுனில்.

இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. 2009இல் ஸ்காபுறோவை விட்டு ஏஜெக்ஸுக்குப் போனோம். வீட்டில் மிச்சம் பிடித்தேன், உண்மை. ஆனால் நாங்கள் கணக்கில் எழுதாதது பிள்ளை. அம்மம்மா ஸ்காபுறோவில். காலை ஐந்தரைக்குப் பிள்ளையைப் போர்வையோடு காருக்குள் ஏற்றி, அவவிடம் விட்டு, அங்கிருந்து வேலைக்கு. பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் நின்று, அதே வழி திரும்ப. இரவு எட்டுக்கு வீடு. பிள்ளை காருக்குள்ளேயே நித்திரை. ஒன்றரை வருடத்தில் அம்மாவை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம். அவவுக்கு அங்கே கோயில் இல்லை, சினேகிதி இல்லை, பஸ் எடுத்துப் போக ஒரு கடை இல்லை. அவவுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது சில விஷயம் சுகமாகியிருக்கிறது. பிக்கரிங்கில் இருந்து கிழக்கே போகிற 407 நெடுஞ்சாலைப் பகுதிக்கு 2025 ஜூனில் இருந்து கட்டணம் இல்லை (மேற்கே திரும்பினால் பில் வரும், மறக்காதீர்கள்). கோ ரயிலில் இருந்து உள்ளூர் பஸ்ஸுக்கு மாறுவது இலவசம். ஆனாலும் ஒஷாவாவில் இருந்து டவுன்டவுனில் உள்ள யூனியன் நிலையத்துக்கு ரயிலே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வாங்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் இருந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிறு ஓப்பன் ஹவுஸுக்கு (விற்கிற வீட்டைப் பார்க்க) போகும்போது எல்லா ஊரும் பக்கத்தில்தான்.

கேள்வி: மார்க்கத்திலேயே வாடகைக்கு. புதுக் கொண்டோவா (அடுக்குமாடி வீடு), பழைய கட்டடமா?

அந்த வீட்டில் முதன்முதலாக ஆட்கள் குடியேறிய திகதியைக் கேளுங்கள். 2018 நவம்பர் 15க்குப் பிறகு என்றால் வருடாந்த உயர்வுக்கு வரம்பில்லை. அதற்கு முந்தியது என்றால் 2026க்கு 2.1 வீதம்தான்.

கேள்வி: டவுன் பேமன்ட்டுக்குச் சீட்டுக் காசு எடுக்கலாமா?

வங்கி வழக்கமாகத் தொண்ணூறு நாள் கணக்கைக் கேட்கும். திடீரென்று முப்பதாயிரம் விழுந்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். "அன்ரியின் சீட்டு" என்பதற்கு அவர்களிடம் படிவம் இல்லை. எடுப்பதென்றால் மூன்று மாதத்துக்கு முந்தியே எடுத்து, எழுத்தில் இருப்பதை எல்லாம் வைத்திருங்கள். மாதாமாதம் கட்டுகிற மிச்சச் சீட்டும் கடன்தான், அதை மறைக்கவேண்டாம்.

கேள்வி (ஒரு தாய்): ஒரே மகன். எட்மன்டன் போகப்போகிறேன் என்கிறான். அவனுக்காகத்தான் இந்த நாலு அறை வீட்டை வாங்கினோம். நீங்கள் சொன்னால் கேட்பான்.

நான் சொல்லமாட்டேன் அக்கா. ஒரு வழி மட்டும் சொல்கிறேன். 2022க்குப் பிறகு ஒன்ராறியோவில் பெரும்பாலான வீட்டுக் காணிகளில் மூன்று குடியிருப்பு வரை வைக்கலாம். பேஸ்மென்ட்டைத் தனிக் கதவோடு, பெர்மிட் எடுத்து முறையாகச் செய்தால் அவன் வாடகை கொடுத்தே இருக்கலாம். அதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், இரண்டாம் தடவை வேண்டாம்.

போகத்தான் போகிறான் என்றால், அங்கே வேலை எழுத்தில் கையில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் நல்ல குளிர் ஜக்கெட் ஒன்றும் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுங்கள். தூள் அங்கேயும் கிடைக்கும் என்பான். கொடுத்து விடுங்கள்.