பேரனோடு மிருதங்க வகுப்பு

கேள்வி: எனக்கு 57 வயது. இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன் (மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை), பிறகு தொழிற்சாலை வேலை. சின்ன வயதிலிருந்தே மிருதங்கம் என்றால் உயிர். எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. பேரனை மோட்டாரில் கொண்டுபோய் விடுவது நான்தான். வகுப்பில் இருப்பதெல்லாம் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் நான் அவர்களோடு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? மனைவி சிரிக்கிறார். சேமநிதிப் பணத்தில் நல்ல மிருதங்கம் ஒன்று வாங்கி, யூடியூப் பார்த்து வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமா? இந்த வயதில் விரல் வளையுமா?
(வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: விரல் வளையும். ஆனால் ஐயா, உங்கள் கடிதத்தில் விரலுக்கு இருப்பது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் யார் பார்ப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்பதுதான். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அந்த மண்டபத்தில், பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்காருங்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கற்க வேண்டாம்.

மிருதங்கம் கண்ணால் பார்த்து மட்டும் கற்கும் வித்தை இல்லை. 'நம்' என்ற ஒரு மிருதங்கச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைப் பக்கமான வலந்தலையில் மோதிர விரல், நடுவில் பூசிய கறுப்புச் சோற்றின் ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். மோதிர விரல் சற்றே அழுந்தினால் நாதம் செத்துவிடும். தூக்கிவிட்டால் ஓசை சிதறும். காணொளியில் வாசிக்கிறவரை நீங்கள் கேட்கலாம். உங்கள் வாசிப்பை அவர் கேட்கப் போவதில்லை. தவறான கை சில மாதம் பழகிவிட்டால், அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடப் பெரும்பாடு.

நீங்கள் மரம் வெட்டியவர், இது உங்களுக்குத் தெரியாததா? கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்ட உதவாது. எவ்வளவு ஆழம் சரி என்பதை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்? பக்கத்தில் ஒருவர் நின்று, கத்தி தவறும்போதெல்லாம் அதட்டினார், கை கற்றுக்கொண்டது. அன்று நாலு பேர் முன்னால் வாங்கிய திட்டு உங்களைச் சிறுமைப்படுத்திவிடவில்லையே. இப்போது நிர்வாகத்தில் இருக்கிறோம், ஊரில் நாலு பேர் கை கூப்புகிறார்கள் என்பதால் ஆசிரியர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவது கூச்சமாகிவிட்டது. அவர் திருத்திக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பையன் அதே பாடத்தைச் சரியாக வாசித்துவிட்டுப் போவான். சுருக்கென்றுதான் இருக்கும். அந்தச் சுருக்கைத் தாங்கச் சம்மதித்தால்தான் வித்தை வரும்.

உங்கள் ஆசை இவ்வளவு காலம் காத்திருந்ததற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு ஓடிய பெற்றோர், பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் மரத்துக்குப் போனார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நாளில், உங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலியில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கையில் வாத்தியம் வாங்கக் காசு ஏது? தப்பும் உறுமியும் திருவிழாவில் கேட்டிருப்பீர்கள். மிருதங்கம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு என்று இருந்தது. இன்று அது உங்கள் கோயில் மண்டபத்துக்கே வந்திருக்கிறது, நீங்கள் வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு நிற்கிறீர்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மிருதங்க மேதைகளான பாலக்காடு மணி ஐயரும் உமையாள்புரம் சிவராமனும் சிறுவர்களாக இருக்கும்போதே மேடை ஏறியவர்கள். அந்த வேகம் 57-இல் தொடங்கும் கைக்கு வராது, வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் த, தீ, தொம், நம் என்று தொடங்கி, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நிதானமாகச் சாதகம் செய்தால், வெள்ளிக்கிழமை பஜனையில் ஆதி தாளப் பாட்டுக்குத் தடுமாறாமல் வாசிக்கும் நிலை எட்டக்கூடியதே. கணக்கைப் புரிந்துகொள்வதிலும், ஒரே பாடத்தை அலுக்காமல் திரும்ப வாசிப்பதிலும் பெரியவர்களுக்குப் பிள்ளைகளைவிடப் பொறுமை அதிகம்.

சேமநிதியை இப்போது தொடாதீர்கள். முதலில் வகுப்பில் இருக்கும் வாத்தியத்தில் பழகுங்கள். வீட்டில் கையால் தாளம் போட்டு, வாசிக்க வேண்டிய சொற்கட்டை வாயால் சொல்லுங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. ஆதி தாளத்தின் எட்டும் முடிந்தது. இதற்குக் காசு செலவில்லை. தோல் வாத்தியம் நம் ஊர் ஈரக் காற்றில் இளகும், சுருதி இறங்கும். வாசிக்கும் முன் இடது கைப் பக்கமான இடந்தலையில் ரவைப் பசை ஒட்ட வேண்டும், முடிந்ததும் எடுத்துத் துடைக்க வேண்டும். இதெல்லாம் கைப்பழக்கமான பிறகு ஆசிரியரையே உடன் அழைத்துப்போய் வாங்குங்கள். சம்மணமிட்டு உட்கார முழங்கால் இடம் தராவிட்டால் அதையும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனைவி சிரித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்த்து முடித்த பிறகு, அவர் எதைக் கற்க நினைத்தார் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? ஞாயிறு காலை நீங்கள் வகுப்புக்குப் போகும்போது வீட்டு வேலை முழுவதும் அவர் தலையில் விழுமானால், அந்தச் சிரிப்புக்கு நியாயம் உண்டு. அவருக்கும் வாரத்தில் ஒரு வேளையை ஒதுக்கிக் கொடுங்கள்.

பேரனிடம் சனிக்கிழமையே பேசிவிடுங்கள். அவன் உங்களுக்கு முன்னால் சேர்ந்தவன். வகுப்பில் அவன் தவறினால் நீங்கள் திருத்தக் கூடாது, அது ஆசிரியரின் வேலை. நீங்கள் தவறும்போது அவன் சொல்லிக் கொடுத்தால், கேட்டுக்கொள்ளுங்கள்.