கிளுவை வேலியைப் பிடுங்காதீர்கள்

தாராபுரம் பக்கம் 4 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்), கிளுவை என்ற முள்மரத்தை நெருக்கி நட்ட பழைய உயிர்வேலியில் சந்து விழுந்து ஆடுகள் வெளியே போகின்றன, அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட அப்பா சொல்கிறார், போட்டால் கவுதாரியும் முயலும் வராமல் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் போய்விடும். கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து தரையோடு கிடக்கும்போது அவற்றுக்கு மறைவு அந்த வேலியடிதான். கீரி, உடும்பு, ஓணான் எல்லாம் வெட்டவெளியில் வராமல் வேலியை ஒட்டியே அடுத்த காட்டுக்குப் போகும். வேலியில் படர்ந்திருக்கும் கோவையும் பிரண்டையும் யாரும் நட்டதில்லை, பறவை போட்ட விதைதான்.

சந்துகளை அடைப்பது சுலபம். நல்ல கிளுவையில் இடுப்பு உயரக் குச்சிகள் வெட்டி, ஓரிரு நாள் நிழலில் போட்டு, மழைக்கு முன்னால் நெருக்கமாக நடுங்கள். வேர் பிடிக்கும்வரை வெளியே வெள்வேல் மரத்து முள்ளை அடுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் துளிரை ஆடே தின்றுவிடும். சீக்கிரம் வளரும் என்று சீமைக்கருவேலை மட்டும் நட்டுவிடாதீர்கள். ஆடு காயைத் தின்று, புழுக்கை வழியாகக் காடு முழுக்க விதைத்துவிடும். (எங்கள் காட்டில் நடந்ததுதான்.)

அப்புறம், உங்கள் வேலி ஓடைக்கு 30 அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் குச்சியை அங்கே நட்டு ஓடைக்கரைப் புதரோடு சேர்த்துவிடுங்கள். ரோட்டுப் பக்கம் கம்பி கட்டாயம் என்று அப்பா நின்றால், சரி, முயலும் கீரியும் நுழைய அடியில் ஒரு சாண் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஆடு குட்டி போட்டிருக்கும் மாதங்களில் மட்டும், குட்டி வெளியே போகாமல் அந்தச் சந்தில் முள் வைத்தால் போதும்.