"அழுதால் வந்து கூட்டி வந்துவிடுவேன்" என்று சொல்லலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். 10 வயது மகள் ஜூலையில் போக்கனோ மலைப்பக்கம் 2 வாரக் கேம்ப்புக்குப் போகிறாள். அவளே ஆசைப்பட்டுக் கேட்டதுதான். ஆனால் இன்றுவரை என் பக்கத்தில்தான் தூங்குகிறாள், கேம்ப்பில் போனும் கிடையாது. "அழுகை வந்தால் சொல்லு, உடனே வந்து கூட்டி வந்துவிடுகிறோம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பாசத்தில் சொன்னதுதான், புரிகிறது. ஆனால் குழந்தையின் காதில் அது "உன்னால் அங்கே இருக்க முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள்" என்றுதான் விழும். முதல் ராத்திரி தொண்டை அடைக்கும்போது, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றாது, அம்மா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு வீட்டு ஏக்கத்தைப் பற்றி 2007-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. இப்படி ஒப்பந்தம் போடாதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. "நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் கண்ணு, உன்னால் முடியும்" என்று நேராகவே சொல்லுங்கள்.

ஏக்கம் வராது என்றும் சொல்லாதீர்கள். வரும், அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சமாவது வரும். பகலில் நீச்சல், படகு என்று ஓடிவிடும். படுக்கப் போகும் நேரமும், மத்தியானம் சும்மா படுத்திருக்கச் சொல்லும் நேரமும்தான் கஷ்டம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிற பிள்ளை, தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று பயப்படாது.

அப்புறம் அந்தத் தூக்கம். நம் வீடுகளில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது தப்பே இல்லை, நானும் அப்படித்தான் வளர்த்தேன். ஆனால் அம்மாவை விட்டுத் தூங்கும் முதல் ராத்திரி கேம்ப்பில் என்று இருக்கக் கூடாது. இப்போதே தனிக் கட்டிலில் படுக்கட்டும். பிறகு ஒரு வாரக் கடைசியில் தோழி வீட்டிலோ சித்தி வீட்டிலோ 2 ராத்திரி, போன் இல்லாமல். திரும்பி வந்ததும் "அழுதியா?" என்று கேட்காமல், கஷ்டமாக இருந்தபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள். பாட்டுப் பாடினேன், தோழியை எழுப்பினேன் என்று எதையாவது சொல்வாள், அதுதான் கேம்ப்புக்கும் மருந்து.

நீளமான தலைமுடியா? நீங்கள்தான் பின்னி விடுகிறீர்களா? சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், என் மகள் போனபோது ஏக்கத்தைவிடச் சிக்குத்தான் அவளை அழவைத்தது. தானே சீவி ஒரு போனிடெயிலாவது போடப் பழக்குங்கள். சைவம் என்றால் படிவத்தில் எழுதிவிட்டு, இயக்குநரிடம் போனிலும் ஒருமுறை பேசிவிடுங்கள். பாட்டியின் பழைய புடவைத் துண்டு ஒன்று தலையணைக்கடியில் இருக்கட்டும்.

ஸ்டாம்ப் ஒட்டி, வீட்டு முகவரி எழுதிய கவர்கள் சிலவற்றைப் பெட்டியில் வையுங்கள். நீங்கள் எழுதும்போது "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது, தம்பி உன்னையே தேடுகிறான்" என்று எழுதாதீர்கள். அங்கே என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். அவளிடமிருந்து "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ" என்று ஒரு கடிதம் வந்தாலும் வரலாம். அது தபாலில் வந்து சேரவே சில நாள் ஆகும், அதற்குள் அவள் தேறியிருக்கக்கூடும். சட்டென்று காரை எடுக்காமல் கேம்ப்புக்குப் போன் செய்து, சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, மற்ற பிள்ளைகளோடு சேருகிறாளா என்று கேளுங்கள். இந்த மூன்றும் பல நாளாக இல்லை என்று அவர்களே சொன்னால் போய்க் கூட்டி வாருங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கொண்டுபோய் விடும் நாளில் படுக்கையை விரிக்கக் கூட இருந்து உதவுங்கள், கேம்ப்பில் அவளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால், கார் கேட்டைத் தாண்டின பிறகு அழலாம்.