தனித்தட்டு தேவையில்லை

கேள்வி: ரத்ததானம் கொடுத்த இடத்தில் என் கணவருக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மாமியார் அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டு, தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். எனக்கு இது நான்காவது மாதம். நாலு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது ஏ, இ வகைகள். எல்லாவற்றையும் மஞ்சள் காமாலை என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. பி வகை ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும். பிரித்து வைக்க வேண்டியவை ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது தாக்குப்பிடிக்கும்.

அடுத்து நீங்கள். கிருமி இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் இன்றே ஒரு தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒன்று. கர்ப்பிணிகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி 10 யூனிட்டாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஆணுறை அவசியம்.

உங்களுக்கும் பாசிட்டிவ் என்று வந்தால், பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். குழந்தைக்கு முதல் 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், எதிர்ப்புச் சக்தியை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் அப்படித் தங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இப்படித் தற்செயலாகத் தெரியவரும் பலருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே வந்ததாக இருக்கும். 'எங்கே போய் வாங்கி வந்தார்' என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாமியாருக்கும் மகளுக்கும் பரிசோதனை செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசியை மகள் 6, 10, 14 வாரங்களில் போட்டிருந்தால் நல்லது.

கீழாநெல்லியைப் பற்றி 1988இல் லான்செட் இதழில் சென்னை ஆய்வு ஒன்று நம்பிக்கையாகத்தான் பேசியது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கணவருக்கு மறுபரிசோதனை, கல்லீரல் ஸ்கேன், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற அளவு, இவை வேண்டும். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆரம்பித்தால் தானாக நிறுத்தக் கூடாது. மதுவை அறவே விட வேண்டும்.

2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். போகும்போது ரத்த வங்கிச் சீட்டையும் மகளின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.