பதின்மூன்றாவது சுற்று

வணக்கம் ஐயா,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். வேலை முடிந்து வாரத்தில் சில நாள் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறவன். அப்பாவுக்கு முகமது அலிக்கு மேல் ஆளில்லை. 1975-ல் தஞ்சோங் பகாரில் ரயிலேறி கோலாலம்பூர் போய், மெர்டேக்கா அரங்கில் அலியும் ஜோ பக்னரும் மோதியதை நேரில் பார்த்தவர். இந்தக் காலத்து ஹெவிவெயிட் டைசன் ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம், 118 கிலோ, அலியெல்லாம் கிட்டேயே போக முடியாது என்றேன்; தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். எடையை விடுங்கள், 49 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காத ராக்கி மார்சியானோ இருக்கும்போது, ஐந்து முறை தோற்ற அலிக்கு எப்படி முதலிடம்? மைக் டைசன் எங்கே வருவார்? நீங்கள்தான் பஞ்சாயத்து பண்ண வேண்டும்.

அன்புள்ள நண்பருக்கு,

எடையில் நீங்கள் நினைக்கிற அளவுக்கு விஷயமில்லை. 1919-ல் ஜாக் டெம்ப்சி 85 கிலோ. எதிரே ஜெஸ் வில்லார்ட், ஆறடி ஆறு அங்குலம், 111 கிலோ. முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையைப் பார்த்தவர் வில்லார்ட்தான். 1935-ல் 118 கிலோ ப்ரிமோ கார்னெராவை 89 கிலோ ஜோ லூயி ஆறாவது சுற்றில் முடித்தார். அவ்வளவு தூரம் போவானேன், 2024 மே மாதம் ரியாத்தில் உங்கள் ஃபியூரியைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்த உக்ரைன் வீரர் உசிக் அவரைவிட ஏறத்தாழ 18 கிலோ குறைவு.

ஆனால் அப்பா இதைக் கேட்டு ரொம்பவும் குதிக்க வேண்டாம். வில்லார்டும் கார்னெராவும் பெரிய உடம்புகள், அவ்வளவுதான். பின்னாளில் லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிட்ச்கோ போன்ற சாம்பியன்கள் வந்த பிறகு, அந்த உயரத்துக்கு ஒழுங்கான ஜாபும் (முன்கையால் நேராக விடும் குத்து) கால்வேலையும் சேர்ந்துகொண்டன. மார்சியானோ சண்டை போட்ட எடையில் இன்று வந்தால் அவரை ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட் பிரிவில்தான் நிறுத்துவார்கள்.

இனி அந்த 49. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், வயது 38. சவால் விட்டவர் மார்சியானோ. முதல் சுற்றிலேயே வால்காட்டின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) மார்சியானோவைக் கீழே தள்ளியது. தொழில்முறையில் இறங்கிய பிறகு அவர் விழுந்தது அதுதான் முதல்முறை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது புள்ளி போடும் மூன்று நடுவர்களின் தாளிலும் வால்காட்டே முன்னிலை. பதின்மூன்றாவதில் வால்காட் கயிற்றை ஒட்டிப் பின்வாங்குகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலது கையை விடுகிறார்கள். மார்சியானோவின் கை போன தூரம் கொஞ்சம்தான், ஆனால் அது முந்திக்கொண்டது. இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மண்டியிட்டு முகம் கவிழ்ந்தார் வால்காட்.

அன்று பட்டப் போட்டிக்குப் பதினைந்து சுற்று; இன்று பன்னிரண்டே. பதின்மூன்றாவது என்று ஒன்று கிடையாது. அந்தத் தாள்களின்படி வால்காட் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்; மார்சியானோவின் கணக்கில் ஒரு தோல்வி ஏறியிருக்கும்.

ஜோ லூயி கதையும் இதேதான். 1941 ஜூன், நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே வந்த பில்லி கான், பன்னிரண்டு சுற்று முடிவில் இருவர் தாளில் முன்னிலை, ஒருவர் தாளில் சமம். பன்னிரண்டாவதில் லூயியைத் தள்ளாட வைத்தவருக்கு ஆசை வந்துவிட்டது. புள்ளி போதாது, நாக்அவுட்டே வேண்டும் என்று அடுத்த சுற்றில் நெருங்கிப் போனார். சுற்று முடிய இரண்டு நொடி இருக்கும்போது கதை முடிந்தது. பட்டத்தை 25 முறை காத்தவர் என்று லூயியைக் கொண்டாடுகிறோமே, அதில் இந்த இரவும் உண்டு.

பதினைந்து பன்னிரண்டானதற்கு ஒரு உயிர் காரணம். 1982-ல் லாஸ் வேகஸில் அமெரிக்க வீரர் மான்சினியோடு பதினான்காவது சுற்றுவரை நின்ற கொரிய வீரர் டக் கூ கிம் சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகு ஒவ்வொரு அமைப்பாகச் சுற்றுகளைக் குறைத்தது. அது சரியான முடிவு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அதற்காக, பழைய சண்டையைப் பன்னிரண்டில் வெட்டி நிறுத்தி இவர்தான் ஜெயித்தார் என்பதும் நியாயமில்லை. பதினைந்து இருக்கிறது என்று தெரிந்துதான் மூச்சைப் பங்கிட்டார்கள். பன்னிரண்டு என்றால் மார்சியானோ ஒன்பதிலேயே வெறியோடு இறங்கியிருக்கலாம். நான் கேட்பதெல்லாம் இதுதான்: அலியா ஃபியூரியா என்பதற்கு முன், எத்தனை சுற்று, எந்த வயது, பிடித்துத் தொங்கினால் நடுவர் விடுவாரா என்று முடிவு பண்ணுங்கள். இதைச் சொல்லாமல் போடுகிற சண்டை சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் நடக்கும். யார் ஜெயிப்பார் என்று கணினியை வைத்துக்கூடப் பார்த்துவிட்டார்கள். மார்சியானோவுக்கு விக் மாட்டி, அலியோடு ரிங்கில் இறக்கிப் படம் பிடித்து 1970-ல் காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி. அமெரிக்கப் பிரதியில் அலி விழுந்தது எந்தச் சுற்றில் என்கிறீர்கள்? பதின்மூன்றாவது!

வயது என்றேன். அலியின் ஐந்து தோல்வியில் மூன்று, 36 வயதிலும் அதற்குப் பிறகும் வந்தவை. மார்சியானோ 32-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 1967-லிருந்து மூன்றரை வருடம், ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியை ரிங் ஏறவே விடவில்லை. ஒரு ஹெவிவெயிட்டின் கால்கள் நன்றாக இருக்கிற வயதெல்லாம் அதில் போயிற்று. உங்கள் அப்பா கோலாலம்பூரில் பார்த்தது 33 வயது அலியை. அந்த வெக்கையில் பதினைந்து சுற்றும் ஓடிப் புள்ளியில்தான் முடிந்தது. நேரில் பார்த்தவர் என்ற மரியாதையோடு சொல்கிறேன், அலி அலியாக இருந்தது 1964-க்கும் 1967-க்கும் நடுவில். 1966-ல் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த சண்டையைப் போட்டுப் பாருங்கள்.

பஞ்சாயத்து கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். 1966 அலி, பதினைந்து சுற்று: ஃபியூரியால் முடியாது, பத்துக்கு மேல் அந்த 118 கிலோவே அவருக்குப் பாரம். பன்னிரண்டு சுற்று: அப்போதும் அலி, ஆனால் நெருக்கமாக. ஃபியூரி கழுத்தில் சாய்ந்து எடையை இறக்குவதைக் கண்டுகொள்ளாத நடுவராக இருந்தால் நீங்கள் ஜெயிக்கலாம். நான் காசு கொடுத்துப் பார்க்க விரும்புவது வேறு: அலி–உசிக், பன்னிரண்டு சுற்று. அதில் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மைக் டைசனை முதல் நான்கு சுற்றுக்கு எந்தக் காலத்து ஆளோடும் நிறுத்தலாம். அதற்கு மேல் அடி தாங்கி நின்று ஜாப் போடுகிறவர்களிடம் அவர் என்ன ஆனார் என்பதை, 1990-ல் டோக்கியோவில் அவரை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் காட்டிவிட்டார். என் பட்டியலில் முதல் ஐந்தில் அவர் இல்லை. லாரி ஹோம்ஸ் இருக்கிறார். அடுத்த கடிதம் அதற்குத்தான் வரும் என்று தெரியும்.